ஈரி கால்வாயில் ஒரு பழைய படகோடு

திங்கள், வாட்டர்ஃபோர்ட்

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றிலிருந்து ஈரி கால்வாய்க்குள் நுழைகிற இடம் வாட்டர்ஃபோர்ட். 2ஆம் எண் லாக்குக்கு (தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கதவறை) கீழே, பயணப் படகுகள் கட்டிக்கொள்ளக் கரைச்சுவரில் இடம் விட்டிருக்கிறார்கள். பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், தன் கேபின் குரூசரை, அதாவது உள்ளேயே தங்க அறை உள்ள எஞ்சின் படகை, அங்கேதான் நிறுத்தியிருந்தார். இங்கிருந்து மேற்கே ஒனைடா ஏரியைத் தாண்டி, ஆஸ்வீகோ வரை போய், ஒன்டாரியோ ஏரிக்கரையில் முடிப்பதாகத் திட்டம். நான் கப்பலில் எஞ்சினியர். லீவில் இருக்கிறேன். "நீ சும்மா வந்து உட்காரு தம்பி, வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றுதான் கூப்பிட்டார். பழைய படகு வைத்திருப்பவர்கள் எல்லாரும் இப்படித்தான் கூப்பிடுவார்கள்.

படகு 1969இல் கட்டியது. 31 அடி, ஃபைபர்கிளாஸ் உடல், இரண்டு பெட்ரோல் வி8 எஞ்சின். இந்த வகைப் படகுகளுக்கு அது ஒரு திருப்பமான காலம். அதற்கு முன்பு கேபின் குரூசர் என்றால் பெரும்பாலும் மரம்தான். மிச்சிகனில் அல்கோனாக்கில் தொடங்கிய கிறிஸ்-கிராஃப்ட், மஹோகனிப் படகுகளுக்கே பேர்போன கம்பெனி; 1964இல் அவர்களே 38 அடி கமாண்டரை ஃபைபர்கிளாஸில் கொண்டுவந்தார்கள். அடுத்த சில வருடங்களில் மரம் அநேகமாக ஓய்ந்துவிட்டது. அந்த ஆரம்ப காலத்தில் புதுப் பொருள் எவ்வளவு தாங்கும் என்ற சந்தேகத்தில் கண்ணாடி இழையைத் தாராளமாகவே அடுக்கினார்கள். அதனால் இந்த வயசிலும் அடிப்பாகம் கல் மாதிரி இருக்கிறது. கெட்டுப்போவது மற்றதெல்லாம்: தளம், ஜன்னல், குழாய், வயர், ரப்பர்.

ஏறியதும் கண்ணில் படுவது தேக்குக் கைப்பிடிகள். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு வார்னிஷ். படகை வாங்கிய முதல் குளிர்காலம் முழுக்க அண்ணன் இதற்குத்தான் செலவழித்தார். நானாக இருந்தால் எரிபொருள் குழாயில் ஆரம்பித்திருப்பேன். வார்னிஷ் உரிந்த படகு ஓடும். வெடித்த குழாயோடு ஓடினால் படகே மிஞ்சாது. இது எங்களுக்குள் பழைய சண்டை. இந்தப் பதிவுகளில் அது திரும்பத் திரும்ப வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் எஞ்சின் உள்ள படகில் பயப்பட வேண்டியது தண்ணீரைவிட ஆவிக்குத்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். காரில் ஒழுகினால் ரோட்டோடு போய்விடும். படகில் அது போக வழியில்லாமல் அடியில், பில்ஜில், குளமாகத் தேங்கும். ஒரு பொறி போதும். அதனால்தான் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் ஆவியை வெளியே தள்ளும் விசிறியை, ப்ளோயரை, குறைந்தது 4 நிமிடம் ஓடவிட வேண்டும் என்று சுக்கான் பக்கத்திலேயே எச்சரிக்கை ஒட்டியிருக்கும். அண்ணன் ப்ளோயரைப் போட்டார். நான் மூடியைத் தூக்கி மோந்து பார்த்தேன்.

"உங்க கப்பல்ல இதெல்லாம் உண்டா?"

"கப்பல்ல டீசல்ண்ணே. மூக்கை நம்பிப் பிழைக்க வேண்டியதில்ல."

மூடியைத் தூக்கியதும் நான் முதலில் தேடியது ஆல்டர்னேட்டரை. முந்தைய சொந்தக்காரர் கார் ஆல்டர்னேட்டர் ஒன்றை மாட்டி வைத்திருந்தார். போன குளிர்காலத்தில் அண்ணன் அனுப்பிய போட்டோவில் அது தெரிந்தது. மாற்றுங்கள் என்று சொல்லியிருந்தேன், மாற்றிவிட்டார். எஞ்சின் என்னவோ செவ்ரலே 327தான், காரில் வந்த அதே பிளாக். அதனால் கார் பாகங்கள் எல்லாம் அழகாகப் பொருந்தும். ஆபத்தே அதில்தான். படகுக்கென்று வரும் ஸ்டார்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் இவற்றில் பொறி வெளியே போகாதபடி உறை போட்டிருக்கும். படகுக் கார்புரேட்டரில் வழிகிற பெட்ரோல் எஞ்சினுக்கு உள்ளேயே போகும், வெளியே சொட்டாது. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்று. விலை மட்டும்தான் வேறு. பழைய படகு வாங்கப் போகிறவர்கள் வார்னிஷைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

செவ்வாய், லாக் 6க்கு மேலே

இன்று ஏறியது மட்டும்தான். 2 முதல் 6 வரை ஐந்து லாக், அடுத்தடுத்து. இரண்டு மைலுக்குள் 169 அடி மேலே தூக்கிவிடுகிறது. 1825இல் திறந்த பழைய கால்வாய் இல்லை இது. 1918இல் பெரிய சரக்குப் படகுகளுக்காக அகலப்படுத்திக் கட்டியது. ஒவ்வொரு லாக்கும் 300 அடிக்கு மேல் நீளம். அதற்குள் எங்கள் 31 அடிப் படகு தனியாக மிதந்தது.

வாக்கி-டாக்கியில் 13ஆம் சேனலில் லாக் ஆபரேட்டரைக் கூப்பிட்டால் கதவைத் திறந்து பச்சை விளக்குப் போடுவார். உள்ளே போய்ச் சுவரோரம் தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கத்தான் வேண்டும், கட்டக் கூடாது. தண்ணீர் ஏற ஏறப் படகும் ஏறும்; கட்டிப்போட்டால் அந்தப் பக்கம் மட்டும் அமுங்கிக்கொண்டே போகும். சுவர் முழுக்கப் பாசி. அண்ணனின் தேக்குக் கைப்பிடிக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில், உரசாமல் தாங்கும் மெத்தை உருளையை, ஃபெண்டரை, நகர்த்திக்கொண்டே இருப்பதுதான் எனக்கு விதிக்கப்பட்ட வேலை.

இரட்டை எஞ்சின் படகின் அருமை லாக்குக்குள்தான் தெரியும். சுக்கானை நடுவில் விட்டுவிட்டு, ஒரு கியர் முன்னே, ஒன்று பின்னே என்று போட்டால் படகு நின்ற இடத்திலேயே திரும்பும். ஒன்று முன்னே தள்ள, மற்றது பின்னே இழுப்பதால் இது நடக்கிறது; முன்னே போகும்போது இரண்டு ப்ரொபெல்லரும் எதிரெதிர்த் திசையில் சுற்றுபவையாக இருந்தால் இன்னும் சுலபம். அந்தக் காலப் படகுகளில் இதற்காக ஒரு எஞ்சினையே தலைகீழ்த் திசையில் சுற்றும்படி செய்திருப்பார்கள். அதன் கேம்ஷாஃப்ட் வேறு, ஸ்டார்டர் வேறு. சாதாரண 327இல் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. எதிர்த்திசை எஞ்சினுக்கு 1-2-7-5-6-3-4-8. இது தெரியாத மெக்கானிக் பிளக் வயரை மாற்றிச் சொருகிவிட்டு, கார்புரேட்டர் கெட்டுவிட்டது என்று சொல்வது ரொம்ப சகஜம்.

லாக் 5இல் காத்திருந்தபோது வலது எஞ்சினின் டெம்பரேச்சர் முள் மெல்ல ஏறியது. நான் முள்ளை விட்டுவிட்டுப் பின்னால் போய்ப் புகைக்குழாயை எட்டிப் பார்த்தேன். இந்த எஞ்சின்களைக் குளிர்விப்பது வெளித்தண்ணீர். பம்ப் அதை உறிஞ்சி, எஞ்சினைச் சுற்றவிட்டு, புகையோடு சேர்த்து வெளியே துப்பும். இடது பக்கம் தண்ணீர் குபுக் குபுக்கென்று வந்தது. வலது பக்கம் மெல்லிய ஓடை, கூடவே ஆவி. லாக் 6ஐத் தாண்டியதும் கரைச்சுவரில் கட்டிவிட்டு மூடியைத் தூக்கினோம்.

தண்ணீர் வரும் வால்வை மூடி, பம்பின் பித்தளை மூடியில் உள்ள ஸ்குரூக்களைக் கழற்றினேன். உள்ளே இருப்பது இம்பெல்லர்: கறுப்பு ரப்பர்ச் சக்கரம், சுற்றிலும் வளையும் இதழ்கள். இரண்டு இதழ் அடியோடு காணவில்லை, ஒன்று பாதி கிழிந்து தொங்குகிறது. குளிர்காலம் முழுக்க ஒரே நிலையில் மடங்கிக் கிடந்தால் ரப்பர் விறைத்துப்போய் இப்படித்தான் உடையும். அதனால் வருடத்துக்கு ஒரு தடவை, வசந்தத்தில், நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

"மாத்தணும்னு நினைச்சேன் தம்பி. வார்னிஷ் காயறதுக்குள்ள சீசன் ஆரம்பிச்சிடுச்சு."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

புது இம்பெல்லர் பெட்டியில் இருந்தது. அதைச் சொருகுவது பெரிய விஷயமில்லை. சோப்புத் தண்ணீர் தடவி, சுற்றும் திசைக்கு ஏற்ப இதழ்களை மடக்கிச் சுழற்றித் தள்ளினால் போய் உட்கார்ந்துவிடும். பலரும் கோட்டை விடுவது அதற்கு அப்புறம்தான். உடைந்த இதழ்கள் எங்கே? தண்ணீரோடு போய் அடுத்த குறுகலில் மாட்டியிருக்கும். அதை விட்டுவிட்டால் புது இம்பெல்லர் போட்டும் சூடு குறையாது. கியர் ஆயில் கூலரின் வாய்க் குழாயைக் கழற்றினேன். இரண்டு இதழும் அங்கேயே ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. கிழிந்த பாதித் துண்டு மட்டும் கிடைக்கவில்லை. கூலரை எதிர்த்திசையில் தண்ணீர் விட்டு அலசினோம். கூடவே களையும் மணலும் ஒரு கைப்பிடி, அப்புறம் அந்தத் துண்டும் வந்தது.

ஸ்டார்ட் செய்ததும் வலது பக்கமும் குபுக் குபுக்கென்றது. இருட்டிவிட்டதால் இங்கேயே தங்கல்.

புதன், ஆம்ஸ்டர்டாம்

நாள் முழுக்க மொஹாக் ஆற்றில். சொல்ல அதிகமில்லை. லாக்குகளை ஒட்டி ஆற்றின் குறுக்கே இரும்புப் பாலம் மாதிரி தெரிவதெல்லாம் பாலம் இல்லை, தடுப்பணைகள். குளிர்காலத்தில் தகடுகளை மேலே தூக்கிவிட்டு ஆற்றைத் தன் போக்கில் விட்டுவிடுவார்கள். 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெள்ளம் இவற்றில் சிலவற்றைச் சுற்றிக்கொண்டு பாய்ந்து கரையையே அறுத்தது.

கால்வாயின் பெரும்பகுதியில் மணிக்கு 10 மைல்தான் வேக வரம்பு. அலுப்பாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். பழைய படகுக்கு இதுதான் நல்லது. நீர்க்கோட்டில் 28 அடி நீளமுள்ள படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சுலபமாகப் போகிற வேகம் சுமார் 7 நாட் (knot), அதாவது மணிக்கு 8 மைல். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் படகைத் தண்ணீருக்கு மேலே தூக்க வேண்டும்; இரண்டு வி8ம் பெட்ரோலைக் குடித்துத் தள்ளும். 7 நாட் வேகத்தில் போனால் பேச்சு கேட்கும். முக்கியமாக, எஞ்சினில் புதிதாக ஒரு சத்தம் வந்தால் அதுவும் கேட்கும்.

வியாழன், லிட்டில் ஃபால்ஸ்

விடியலிலிருந்தே மழை. பழைய படகைப் பற்றி மழை சொல்லும் உண்மையை எந்த சர்வேயரும் சொல்ல மாட்டார். என் படுக்கைக்கு மேலே, ஜன்னல் சட்டத்தின் கீழ் மூலையில் ஒரு சொட்டு. துடைத்தால் திரும்ப வரும். அண்ணன் சிலிக்கான் டியூபோடு வந்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

சிலிக்கானை வெளியே பூசுவது ஒழுகலை நிறுத்தாது, மறைக்கும். தண்ணீர் வேறு வழி பார்த்துக்கொள்ளும். அதைவிட மோசம், ஒரு தடவை சிலிக்கான் பட்ட இடத்தில் பெயின்டோ வேறு பசையோ லேசில் ஒட்டாது. சட்டத்தை முழுக்கக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர்ப் பட்டை) வைத்துத் திரும்ப முறுக்குவதுதான் முறை. முறுக்கும்போது டேப் விளிம்பில் பிதுங்கி வரும். ஒரே நாளில் இறுக்கிவிடாமல், விட்டுவிட்டு இறுக்க வேண்டும்.

சொட்டு விழும் இடம் முக்கியமில்லை, தண்ணீர் வழியில் எதை நனைத்துவிட்டு வருகிறது என்பதுதான் கேள்வி. தளம் என்பது மேலே ஒரு ஃபைபர்கிளாஸ் தோல், கீழே ஒரு தோல், நடுவில் பால்ஸா மரம் அல்லது பிளைவுட். கைப்பிடிக் கம்பியின் ஸ்குரூத் துளை வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. நடுமரம் ஊறி, கறுத்து, கூழாகும். மழை கொஞ்சம் விட்டதும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் சுத்தியலோடு பக்கத்துத் தளத்தில் மண்டியிட்டேன். டக், டக், டக். நல்ல இடத்தில் கணீரென்று பதில் வரும். வலது பக்கம் மூன்றாவது கம்பியின் அடியில் சத்தம் 'தொப்' என்று செத்துப்போனது. அங்கிருந்து ஒரு முழம் நீளத்துக்கு அப்படியே. சாக்பீஸால் சுற்றி ஒரு கோடு போட்டேன். மேல்தோலை வெட்டி எடுத்து, கூழைச் சுரண்டி, காயவைத்து, புது நடுமரத்தை எபாக்ஸியில் பதித்து மூட வேண்டும். துளைகளைப் பெரிதாகக் குடைந்து எபாக்ஸியால் அடைத்து, அதன் நடுவில் புதுத் துளை போட்டால், அடுத்த தடவை ஒழுகினாலும் மரத்துக்குத் தண்ணீர் எட்டாது. முன்தளத்தை அண்ணன் இதே முறையில் செய்திருக்கிறார். அருமையான வேலை, சத்தமே சொல்கிறது.

சாயங்காலம் லாக் 17. ஒரே மூச்சில் 40 அடிக்கு மேல் ஏற்றம். கீழ்வாசலில் இரட்டைக் கதவு கிடையாது. எதிர் எடை கட்டிய ஒற்றைக் கதவு அப்படியே மேலே போகிறது. அதன் அடியில் நுழையும்போது தலைமேல் சளசளவென்று கொட்டியது. மழையா, கதவுத் தண்ணீரா என்று பார்க்கும் நிலையில் நாங்கள் இல்லை.

வெள்ளி, ரோம்

லாக் 20ஐத் தாண்டியதும் மேட்டுநிலம். கடல்மட்டத்திலிருந்து 420 அடி. 1817 ஜூலை 4ஆம் தேதி முதல் மண்வெட்டி விழுந்தது இந்த ரோமில்தான். பாறையும் அருவியும் இல்லாத தட்டைப் பகுதி என்பதால் இங்கே ஆரம்பித்தார்களாம். வேலையைச் சுலபமான இடத்தில் தொடங்குவது அண்ணனுக்கு மட்டும் உள்ள பழக்கமில்லை என்று தெரிகிறது.

ப்ரொபெல்லரைச் சுற்றும் ஷாஃப்ட் படகுக்கு வெளியே போகும் இடத்தைப் பார்த்தேன். மெழுகு ஊட்டிய கயிற்று வளையங்களை நட்டு போட்டு இறுக்கித் தண்ணீரைத் தடுக்கும் பழைய ஏற்பாடு. சுற்றும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழ வேண்டும். அந்தச் சொட்டுதான் அதைக் குளிர்விக்கிறது. ஒழுகுகிறதே என்று ஒரேயடியாக இறுக்கினால் கயிறு கருகி ஷாஃப்டில் பள்ளம் விழும். இடது பக்கம் சரி. வலது பக்கம் சொட்டு அதிகம், கூடவே ஷாஃப்டில் லேசான நடுக்கம். நட்டை ஒரு சின்னத் திருகு திருப்பினேன், சொட்டு அடங்கியது. நடுக்கம் அப்படியே இருந்தது. காரணம் வேறு என்று குறித்துக்கொண்டேன்.

சனி, சில்வன் பீச்

லாக் 21, 22 இரண்டும் இறக்கம். அப்புறம் ஒனைடா ஏரியின் கிழக்குக் கரை. 21 மைல் நீளம், ஆனால் ஆழமில்லாத ஏரி. மேற்குக் காற்று அடித்தால் நீளம் முழுக்க அலையைத் திரட்டி இந்தக் கரையில் கொண்டுவந்து கொட்டும்; ஆழம் இல்லாததால் அலைகள் குட்டையாக, செங்குத்தாக, நெருங்கி நெருங்கி வரும். மதியம் வந்து பார்த்தபோது ஏரி முழுக்க வெள்ளை நுரை. யோசிக்கவே இல்லை, கட்டிவிட்டோம்.

காத்திருந்த நேரத்தில் ஃபில்டர். அமைதியான கால்வாயில் எரிபொருள் தொட்டியின் அடியில் தூங்கும் வண்டல், ஏரியில் படகு குலுங்கியதும் எழுந்துவரும். இப்போதைய பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் வேறு. அது ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். ஃபைபர்கிளாஸ் தொட்டி உள்ள பழைய படகுகளில் தொட்டியின் பிசினையே அது கரைத்து, வால்வுகளில் கறுப்புப் பசையாகப் படியவிட்டிருக்கிறது. எங்களுடையது அலுமினியத் தொட்டி, அந்த வகையில் பிழைத்தோம். இரண்டு ஃபில்டரையும் மாற்றினேன். பழையதைக் கண்ணாடி ஜாடியில் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர், அதன்மேல் துருநிறத்தில் தூசி.

"இன்னும் ரெண்டு வாங்கி வெச்சிருக்கேன்" என்றார் அண்ணன், பெருமையாக. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

ஞாயிறு, ப்ரூவர்டன்

காற்று எழுவதற்கு முன்பே கிளம்பிவிட்டோம். ஏரியின் பாதிக்கு மேல் கண்ணாடி போல இருந்தது. அதன் பின் வடமேற்கிலிருந்து காற்று, கொஞ்ச நேரத்திலேயே முன்பக்கம் அறைய ஆரம்பித்தது. எதிர்பார்த்தபடியே இடது எஞ்சின் திக்கித் திணறி நின்றது. ஃபில்டர் அடைத்துவிட்டது.

"மாத்திடலாமாடா?"

"வேண்டாம்ண்ணே. ஒத்தை எஞ்சின்லயே போவோம்."

குலுங்கும் படகில், கொதிக்கும் எஞ்சினுக்குப் பக்கத்தில், பெட்ரோல் நிறைந்த ஃபில்டரைக் கழற்றுவது புத்திசாலித்தனம் இல்லை. கையிலிருக்கும் இரண்டாவது எஞ்சின் இதற்குத்தான். சுக்கானை ஒரு பக்கம் பிடித்தபடி, வேகத்தைக் குறைத்து, ஊர்ந்து ப்ரூவர்டன் சேர்ந்தோம். கட்டி, எஞ்சின் ஆறி, ப்ளோயர் ஓடி, அப்புறம்தான் ஸ்பேனரைத் தொட்டேன். தொட்டியைத் திறந்து சுத்தம் செய்வது இனி தள்ளிப்போட முடியாத வேலை. அண்ணனே காகிதத்தில் அதை முதல் வரியாக எழுதினார். வார்னிஷ் அந்தப் பட்டியலில் இல்லை.

திங்கள், ஆஸ்வீகோ

லாக் 23க்கு அப்பால் த்ரீ ரிவர்ஸில் வலது கைப் பக்கம் திரும்பினால் ஆஸ்வீகோ கால்வாய். 24 மைலுக்குள் ஏழு லாக், 118 அடி இறக்கம். லாக்குகளுக்கு 8 வரை எண் உண்டு, 4 மட்டும் கிடையாது. இறங்கும்போது சுவர் நம்மைவிட்டு மேலே போகிறது, கயிற்றை விட்டுக்கொண்டே வந்தால் போதும். ஏறுவதைவிடச் சுலபம்.

கடைசி லாக்குக்கு முன் கட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை குறித்துவைத்த நடுக்கத்துக்கு வந்தேன். எஞ்சினும் ஷாஃப்டும் சேரும் கப்ளிங்கில் போல்ட்டுகளைக் கழற்றி, இரண்டு முகங்களுக்கும் நடுவே நாலு திசையிலும் ஃபீலர் கேஜை, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளை, நுழைத்துப் பார்ப்பது. கப்ளிங்கின் விட்டம் எத்தனை அங்குலமோ, அத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் வரை வித்தியாசம் இருக்கலாம். இதைத் தண்ணீரில்தான் பார்க்க வேண்டும். கரையில் தாங்கலில் நிற்கும்போது படகின் உடல் வேறு மாதிரி வளைந்திருக்கும். அங்கே சரியாக வைத்தது இங்கே சரியாக இருக்காது. அண்ணன் கரையில்தான் வைத்திருந்தார்.

4 அங்குலக் கப்ளிங். இடது பக்கம் 3 ஆயிரத்தில் இருந்தது, தொடவில்லை. வலது பக்கம் மேலே கேஜ் நுழையவே இல்லை, கீழே 11. எஞ்சினின் முன்பக்கத் தாங்கிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் ஷாஃப்டைக் கையால் சுற்றி அளந்தோம். 11 என்பது 7 ஆனது, அப்புறம் 4. அண்ணனே கேஜைப் பிடித்து இன்னொரு சுற்று பார்த்துவிட்டு போல்ட்டுகளை முறுக்கினார். நாளைக் காலை எனக்குப் பஸ். ஒன்டாரியோவில் காற்று பத்து நாட் வேகத்துக்குக் கீழே குறைந்தால் அவர் மட்டும் கிளம்புகிறார். தொட்டி சுத்தமாகும் வரை கரையை ஒட்டியே போகச் சொல்லியிருக்கிறேன்.